கையில் இருந்த ஆடுதன் ஏழு

நற்பிட்டிமுனையில் பழைய விதைநெல் களஞ்சியத்தை இப்போது யாரும் களஞ்சியம் என்பதில்லை. கிளப் என்பார்கள். கிளப் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, நாலு கதிரை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, மூலை மடங்கிய ஒரு கட்டுச் சீட்டு, அவ்வளவுதான். பின்னேரம் அசருக்குத் தொழுதுவிட்டு வந்தால் அந்தி மஃரிபு பாங்கு வரைக்கும் முன்னூற்றி நாலு என்கிற சீட்டாட்டம். ஐந்து சதம்கூட வைத்து ஆடக்கூடாது என்று பள்ளிவாசல் நிருவாகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள், அந்த வாக்கு இன்றுவரை மாறவில்லை.

காசு இல்லாவிட்டாலும் தண்டனை உண்டு. தோற்ற சோடி காதுக்கு ஒன்றாக உடுப்புக் காயப்போடும் கிளிப்பை மாட்டிக்கொண்டு, சந்தி வழியே வீட்டுக்கு நடக்க வேண்டும். கடைக்காரன் சிரிப்பான், ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிப்பான், வீட்டுக்காரி வாசலிலேயே தலையில் அடித்துக்கொள்வாள். பேரப்பிள்ளை கண்ட மனிதர்கள் இதற்குப் பயந்து எப்படி ஆடுவார்கள் என்று வந்து பார்த்தால்தான் தெரியும்!

இந்த மேசைக்கு ஆதம்பாவாதான் நீதிவான். ஊர் வழக்கில் அவர் வட்டானையார். அதாவது எந்த வாய்க்காலில் யாருடைய வயல் வரவைக்கு எந்த நேரம் தண்ணீர் என்று பிரித்துக் கொடுக்கிற வட்டவிதானை. பத்தொன்பது வருடமாக விவசாயிகள் அவரையே தெரிவு செய்கிறார்கள். சொந்த மச்சான் முறை தவறித் தண்ணீர்க் கதவைத் திறந்தபோது, மச்சானின் மண்வெட்டியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்த ஆள். சீட்டிலும் அப்படித்தான். சோடிக்குக் கண் காட்டினாலும் ஆட்டம் செல்லாது, கனைத்தாலும் செல்லாது. அவருடைய சோடி பாண்டிருப்பு அழகரெத்தினம், ஓய்வுபெற்ற தபாலதிபர். பாவம், அந்த மனிதர் மேசையில் தும்மல் வந்தால்கூட எழுந்து வெளியே போய்த் தும்முவார்.

எதிர்ச் சோடி பதியுதீனும் குணமும். பதியுதீனுக்குக் கல்முனை பஸாரில் ஆணி, பெயின்ற் கடை. நாவிதன்வெளிப் பக்கம் ஐந்து ஏக்கர் வயலும் உண்டு, அதற்குத் தண்ணீர் ஆதம்பாவாவின் வாய்க்காலில்தான். குணம் உழவு மெஷின்காரன், வாய் திறக்கமாட்டான்.

ஆறு மாதமாகக் கிளப்பில் ஒரு புதுப்பழக்கம் வந்திருந்தது. பதியுதீன்தான் தொடங்கினார். சீட்டை மேசையில் போடும்போதே, “ஆடுதன் ஒம்பது!” என்று கத்துவார். பிறகு அழகரெத்தினமும் சொல்லத் தொடங்கினார். கடைசியில் ஊமைக் குணம்கூட, “உருவிதன் பத்து” என்று முணுமுணுத்தான். ஆடுதனும் உருவிதனும் இரண்டும் சிவப்புச் சீட்டுகள். முன்னதில் இதயம், பின்னதில் சாய்சதுரம். “மீன் ஏலம் கூறுற இடமா இது?” என்று ஆதம்பாவா எரிந்து விழுந்தார். ஒருவரும் நிறுத்தவில்லை.

உண்மை என்னவென்றால், அவருடைய கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. தெருவிளக்கு புகைக்குள் எரிவதுபோலத் தெரியும். வாய்க்கால் அளவுகோலின் கோடு தெரியாமல், தடியை விட்டு விரலால் தடவித்தான் தண்ணீரைக் கணக்கிட்டார். மனைவி றபீக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. போகத்துக்கு முந்திய விவசாயிகள் கூட்டம் சனிக்கிழமை, தெரிவும் அன்றுதான். கண் தெரியாதவனை எவன் வட்டானையாகப் போடுவான்? அந்தப் பதவி போனால் தான் யார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பயம் அவரை உள்ளுக்குள் அரித்தது.

திங்கட்கிழமை ஆட்டத்தில் பதியுதீன் துணிந்து இருநூற்றைம்பது கேட்டார். அவ்வளவு புள்ளி கேட்டவர் ஒரு பெரிய பிடியை விட்டாலும் தோல்விதான். ஆட்டம் பாதி போய், மறைத்து வைத்திருந்த வெட்டுச் சீட்டான துரும்பும் திறந்தாயிற்று. “ஆடுதன் ஜேக்!” என்று முப்பது புள்ளிச் சீட்டை இறக்கினார். கையில் ஆடுதன் இருந்தால் ஆடுதனைத்தான் போட வேண்டும், இல்லாதவன்தான் துரும்பால் வெட்டலாம். ஆதம்பாவா தன் சீட்டுகளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். சிவப்பு ஒன்று இருந்தது. உருவிதன் என்று முடிவு கட்டி, துரும்பைத் தூக்கி அடித்தார். பதியுதீன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மிச்சச் சீட்டை மேசையில் கவிழ்த்துவிட்டு, கிளிப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, குணத்தையும் கூட்டிக்கொண்டு சந்தியால் நடந்தார்.

சீட்டுகளை அடுக்கிய அழகரெத்தினம் வழமைபோல் உடனே சைக்கிளை எடுக்கவில்லை. வாசலில் நின்றார்.

“வட்டானையார், உங்கட கையில ஆடுதன் ஏழு இருந்தது.”

“இல்ல ஐயா. உருவிதன்.”

“நீங்க தெரிஞ்சு செய்யமாட்டீங்க, அது எனக்குத் தெரியும். ஆனா இருந்தது.”

வைத்துக்கொண்டே இல்லையென்று வெட்டுவது! அடுத்தவன் முறையில் தண்ணீர் களவெடுக்கிறவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்றிரவு முழுக்க ஆதம்பாவா அதையே நினைத்துக்கொண்டு கிடந்தார். சொன்னால் கண் விசயம் வெளியே வரும், பதவி போகும். சொல்லாவிட்டால் பதியுதீன் மாட்டிய கிளிப் தன் காதில் இருக்க வேண்டியது என்ற நினைப்பு விடாது. யாருக்கும் தெரியாதே என்று மனம் ஒரு பக்கம் இழுத்தது. பத்தொன்பது வருடத்தில் தண்ணீர்க் கள்ளன் ஒவ்வொருவனும் தன்னிடம் சொன்ன சொல் அதுதான் என்பது நினைவுக்கு வந்தபோது வெட்கத்தில் அவருக்கு உடம்பு கூசியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, றபீக்காவின் உடுப்புக் கொடியில் இரண்டு கிளிப்பைக் கழற்றிக் காதில் மாட்டிக்கொண்டு, ஆதம்பாவா கல்முனை பஸாருக்குள் நடந்தார். தோற்காத மனிதர், அதுவும் காலை நேரத்தில்! புடைவைக் கடை வாசல்களில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். காது வலித்தது. அவர் தலை குனியவில்லை.

பதியுதீன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். கிளிப்பைக் கண்டதும் தராசை வைத்துவிட்டார்.

“நேத்து ஆட்டம் ஒங்கட,” என்றார் ஆதம்பாவா. “எனக்கிட்ட ஆடுதன் ஏழு இருந்த. எனக்குக் கண் தெரியல்ல பதியுதீன். ஆறு ஏழு மாசமா.”

பதியுதீன் எழும்பி வந்து, ஒவ்வொரு கிளிப்பாக மெதுவாகக் கழற்றினார்.

“தெரியும் காக்கா,” என்றார், மூத்த அண்ணனிடம் பேசுவதுபோல். “ஏழு எங்க கிடக்கு எண்டு எண்ணிக்கொண்டுதானே ஆடினன்.”

“தெரிஞ்சும் ஏன் கிளிப்பப் போட்டீங்க?”

“களவு எண்டா கேட்டிருப்பன். ஆறு மாசமா நாங்க ஏன் ஏலம் கூறுறம் எண்டு நினைச்சீங்க? மேசையில விழுறத்த நாங்க சொல்லலாம். ஒங்கட கையில இரிக்கிறத்த ஆரு சொல்லுற?”

ஆதம்பாவா பெயின்ற் வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்து, சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து, பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமலே போனார். பிறகு ஆதம்பாவா தன் மடியிலிருந்து வாய்க்கால் கதவுப் பூட்டைத் திறக்கும் திறப்பை எடுத்துக் கல்லாவின்மேல் வைத்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் விசயத்தைச் சொல்லி, இதை ஒப்படைத்துவிடும்படி பதியுதீனைக் கேட்டார். தன்னால் அந்த முகங்களைப் பார்க்க முடியாது என்றார்.

பதியுதீன் திறப்பை எடுத்து அவருடைய கையிலேயே திணித்தார்.

“கண் ஒப்பறேசனுக்கு நான் கூட்டிப் போறன், மறுகா வந்து ஆடுவம். ஆனா இத நீங்கதான் சொல்லணும் காக்கா. நாங்க ஆறு மாசமாச் சொல்லிட்டம்.”

சனிக்கிழமை கூட்டம் தொடங்கியதும், தெரிவுக்குப் பெயர் கேட்பதற்கு முன்பே, ஆதம்பாவா எழுந்து நின்றார். திறப்பை மேசையில் வைத்துவிட்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, தன் கையில் இருந்ததைச் சொன்னார்.