பின்பக்கமாக இறங்கியவள்

என் தோழி பிலோமினாவின் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸில் கேட்டேன். “அக்கா விடியக்காலையில போய்டுச்சுங்க.” அது பின்சீட்டுக்காரர் காதிலும் விழுந்திருக்கிறது. “ஓடி ஓடியே உடம்ப கெடுத்துகினு போய்டுச்சு, பாவம்” என்றார். ரத்தப் புற்றுநோய்க்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொன்னதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அடக்கத்தன்று, அதே பஸ்ஸில் வேலைக்கு வரும் நீங்கள் பலரும் அதையேதான் சொன்னீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுரங்கத்தில் பர்மனென்ட் வேலையை விட்டுவிட்டு, மலைப்பாதைகளில் நாள்கணக்கில் ஓடும் பந்தயங்களைத் தொழிலாக எடுத்துக்கொண்டவள் அவள். நெய்வேலியில் மலைக்கு எங்கே போவது? சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுதான் எங்கள் மலை. அவளும் நானும் முதுகில் பையோடு ஒரே நாளில் இருபது முறை ஏறுவோம். ஒவ்வொரு முறையும் மண் கொட்டிவிட்டுத் திரும்பும் லாரியில் கீழே வந்துவிடுவோம். நேரம் மிச்சம் என்று ஏகப்பட்ட பெருமை வேறு.

நாங்கள் ஓடிய முதல் பந்தயம் மூன்று நாள். அதில் அந்தப் பெருமை போனது. ஏற்றத்தில் பலரை முந்தினோம். இரண்டாம் நாள் இறக்கத்தில் தொடைகள் வெலவெலத்துவிட்டன. இறங்கிப் பழகாத கால்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்; என் பந்தயம் அதோடு முடிந்தது. அவளோ மலையைப் பார்த்துத் திரும்பி நின்று, தொடைக்குப் பாரம் குறையட்டும் என்று பின்பக்கமாகவே இறங்க ஆரம்பித்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். “சிரிக்கட்டும்டி. நான் கீழ போய்கினுதான இருக்கேன்” என்றாள். மூன்றாம் நாள், நேரம் முடிவதற்குள், கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள்.

மறுவாரம் மண்மேட்டில் லாரிக்காரர் வழக்கம்போல் நிறுத்தினார். “மேல போறப்ப ஏத்திகினு போங்கண்ணே. எறங்கத்தான் எங்களுக்குக் கால் வேணும்” என்று அவரை அனுப்பிவிட்டாள். அதன்பிறகு எந்தப் பந்தயத்திலும் அவள் கடைசியாக வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய நாளில், லிஃப்ட் வேண்டாம் என்று அடம்பிடித்தாள். இரண்டு மாடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக இறங்கினாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “விழுந்து தொலையப் போறடி” என்றபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். “இங்கயும் உக்காந்துட்டியா?” என்றாள்.

அவள் பெயர் கொடுத்திருந்த நான்கு நாள் பந்தயத்துக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். தினமும் மண்மேட்டில் இறங்கிப் பழகுகிறேன். “அடுத்தது இவளா?” என்று பஸ்ஸில் பேசிக்கொள்கிறீர்களாம். பேசுங்கள். அவளிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தப் பின்நடைதான். கால் மறுக்கும் இடத்தில் திரும்பி நின்று இறங்குவேன். இந்த முறை உட்கார மாட்டேன், பிலோ.