ஜெர்சி போட்ட வீட்டுக்காரர்

செங்கல்பட்டில் நான் கோல்கீப்பராக ஆடிய கிளப், அந்த ஆண்டு நைஜீரியாவிலிருந்து ஒரு முன்கள வீரரை எடுத்தது. தங்க இடம் பார்த்துக் கொடுக்காமல் நிர்வாகம் கைகழுவிவிட்டதால், நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகை வீடு தேடினோம்.

மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு காலியாக இருந்தது. வீட்டுக்காரர் எங்கள் கிளப் ஜெர்சியைப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தார். நைஜீரிய நண்பரைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவருக்கு வூடு குடுத்தா அக்கம்பக்கத்துல பேஜாரு, நைனா. நீ மட்டும் வேணா இருந்துக்கோ. எந்த ஊரு நீ?"

"படாளம்."

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனி."

அவருடைய சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. "இன்னொருத்தரும் கேட்டுகினு கீறாரு, பாக்கலாம்" என்றார். அவ்வளவு நாகரிகமான மனிதர்.

நிர்வாகியிடம் போய்ச் சொன்னோம். "ரசிகருங்ககிட்ட வம்பு வேணாம்பா" என்றார். அதே வாரம் நிறவெறிக்கு எதிரான பேனர் ஒன்றை எங்கள் கையில் கொடுத்து, மைதானத்தின் நடுவில் நிறுத்தினார். கேலரியில் எழுந்து நின்று கைதட்டியவர்களில் வீட்டுக்காரரும் இருந்தார்.

நண்பர் தன் பக்கத்து முனையைக் கீழே போட்டார். நானும் போட்டேன். நிர்வாகி பல்லைக் கடித்தார். ஆனால் அன்று நண்பர் இரண்டு கோல் அடித்ததால், கிளப்பின் கொள்கைப்பிடிப்பு அதோடு அடங்கிவிட்டது.

சீசன் முடியும்வரை மாமல்லபுரத்தில் ஒரு மீனவர் வீட்டு மாடியில் தங்கி, பஸ்ஸில் பயிற்சிக்குப் போய்வந்தோம். அந்த வீட்டில் ஒருவருக்கும் கால்பந்து பிடிக்காது.