நீலக் கதவு ரொட்டிக் கடை

இருபத்திரண்டு வருஷம் கனரக லாரி ஓட்டிய மனுஷனுக்கு, சாப்பாட்டு மேஜையில் விரித்துப் போட்ட ஒரு வரைபடத்தைப் பார்த்தால் பயம் வருமா? அவருக்கு வந்தது. எதிரே மனைவி கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

“வியன்னா மூணு நாள், புடாபெஸ்ட் ரெண்டு நாள். எனக்கு லீவு கெடைச்சாச்சு. நீங்க சொல்லச் சொல்ல நான் குறிச்சுக்கறேன். மொதல்ல அந்த நீலக் கதவு ரொட்டிக் கடை. பெரிய தேவாலயத்துக்குப் பின்னாடின்னு சொன்னீங்களே, எந்தப் பக்கம்?”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லி எழுந்து உள்ளே போனார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது.

கம்பெனியில் அவரை எல்லோரும் மாமா என்பார்கள். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு ஸ்டியரிங்கை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அதே கம்பெனி யார்டில், எந்த லாரி எந்த மேடையில் சரக்கு இறக்கவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. ஓட்டிய காலத்தில், பிழைக்க வந்த நாட்டிலிருந்து எல்லை தாண்டி, மாசத்துக்கு இரண்டு தடவையாவது அந்த இரண்டு தலைநகரங்களுக்கும் போய் வந்தவர். போய் வந்தவர் என்றால், ஊருக்கு வெளியே சுற்றுச்சாலையை ஒட்டியிருக்கும் கிடங்கு வரைக்கும். மேடையில் வண்டியின் பின்புறத்தைக் கொடுத்து நிறுத்துவார். பழப்பெட்டிகள் இறங்கும் வரை காத்திருப்பார். தாளில் முத்திரை வாங்குவார். லாரிகள் நிறுத்தும் மைதானத்தில், கேபின் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படுப்பார். ஓய்வு நேரம் முடிந்ததும் வண்டியைத் திருப்பிவிடுவார். நகரத்துக்குள் போக அம்புக்குறி போட்ட பலகையை நூறு தடவை பார்த்திருக்கிறார். அந்த அம்பு காட்டிய பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை.

இந்த உண்மை வீட்டில் யாருக்கும் தெரியாது. அதுதான் சங்கடம்.

முதல் பயணத்தில் கிடங்கு வாசலில் ஏழு மணி நேரம் வரிசை. விடாத மழை. காலுறை வரைக்கும் நனைந்து போய் நின்றவர், சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டார். மகளுக்கு அப்போது இரண்டு வயசு, மூன்று நாளாகக் காய்ச்சல். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசிய மனைவிக்குக் குரல் உடைந்துகொண்டே வந்தது. பேச்சை மாற்றத்தான் அவளும் கேட்டாள், “ஊரு எப்படி இருக்குங்க?”

கேபினில் ஒரு பிஸ்கட் டப்பா கிடந்தது. அதன் மூடியில் ஒரு பாலத்தின் படம்.

“பாலம் ஒண்ணு இருக்கு பாரு, ரெண்டு முனையிலும் கல் சிங்கம் உக்காந்திருக்கு. என்னைப் பாத்து ஒரு முறை முறைச்சுது.”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக அடுத்த பயணத்தில் இன்னொன்று சொன்னார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. மணிக்கூண்டிலிருந்து மரச்சேவல் வந்து கூவியது. ஆற்றுப் படகில் ஒரு கிழவர் பிடில் வாசித்தார். நீலக் கதவு போட்ட ரொட்டிக் கடைக்காரம்மா, சுடச்சுட ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி, “தூரத்துப் பிள்ளை, சாப்பிடு” என்று கையில் வைத்தாள். மகள் வளர்ந்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு, “அப்பா, சேவல் இன்னிக்கு என்ன சொல்லுச்சு?” என்று கேட்கிற அளவுக்குப் போனது. இப்போது அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். சேவல் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. துவைத்துக் காய்ந்து வரும் விரிப்புகளை இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று, முனையைப் பிடித்து உதறி, மடித்து, தள்ளுவண்டியில் அடுக்கவேண்டும். நாள் முழுக்க அதே வேலை. கை பாட்டுக்கு மடிக்கும், வாய் சும்மா இருக்காது. வியன்னாவும் புடாபெஸ்ட்டும் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் பக்கத்துத் தெரு மாதிரி ஆகியிருந்தன.

வரைபடம் விரித்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் வாசல் வரை நடந்தார். ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏம்மா, பாத்த ஊரையே எதுக்குப் பாக்கணும்? லிஸ்பன், மாட்ரிட்னு போனா என்ன?”

“நல்லாருக்கே! தெரியாத ஊர்ல போயி வழி தெரியாம முழிக்கவா? நீங்க கூட இருக்கீங்கங்கற தைரியத்துலதானே நான் இந்த ரெண்டு ஊரைச் சொல்றேன்.”

அவர் யார்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வழியில் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்த நெட்டையனைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“வியன்னாவுல உள்ள போனா பெரிய தேவாலயம் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி என்னப்பா இருக்கு?”

நெட்டையன் அவரை மேலும் கீழும் பார்த்தான். “மாமா, உடம்பு சரியில்லையா? நாம என்னிக்கு உள்ள போனோம்? எனக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது.”

“நீலக் கதவு போட்ட கடை எதாவது...”

“கிடங்குல மூணாம் மேடைக் கதவு நீலம்தான். அதுவும் துரு.”

வேறு வழியில்லாமல் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை வாங்கி, யார்டு அறையில் சீட்டுக் கட்டுக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்தார். மணிக்கூண்டுகள் இருந்தன, மரச்சேவல் எதிலும் இல்லை. படகுகள் இருந்தன, பிடில்காரக் கிழவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மண்டைக்குள் அரண்மனையும் கோபுரமும் சுழன்றுகொண்டிருந்ததில், உறைந்த மீன் ஏற்றி வந்த வண்டியை டயர் இறக்கும் மேடைக்கு அனுப்பிவிட்டார். மேலாளர் வந்து கத்திவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பாதி இவர் காதில் விழவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தாள்.

“இது ரொட்டிக்கு. கூடத்துல அஞ்சு பேரும் சொல்லிவிட்டிருக்காங்க, அந்தக் கடை ரொட்டி ஆளுக்கு ஒண்ணாவது வேணுமாம். எங்க சூப்பர்வைசரம்மாகூட கேட்டுச்சுன்னா பாத்துக்கோங்க. இப்பவாவது சொல்லுங்க, தேவாலயத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

அவர் வரைபடத்தைப் பார்த்தார். எங்கேயாவது விரலை வைத்திருக்கலாம். வைக்க வரவில்லை.

“அந்தக் கடை இல்ல.”

“ஐயையோ, மூடிட்டாங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே தப்பியிருப்பார். அவள் பதறிய பதற்றத்தைப் பார்த்ததும் இன்னொரு பொய் சொல்ல மனசு வரவில்லை.

“எப்பவுமே இல்ல. நானாச் சொன்னது.”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். “சேவல்?”

“இல்ல.”

“பிடில் வாசிக்கிறவரு?”

“இல்ல.”

“சிங்கம் வெச்ச பாலம்?”

“அது இருக்கு. ஆனா நான் பாத்தது பிஸ்கட் டப்பாவுல.”

“லாரிக்கு அடியில அன்னப்பறவை வந்து படுத்துதுன்னு ஒரு தடவை சொன்னீங்களே?”

“அது நெசம். பக்கத்துக் கால்வாய்ல இருந்து வந்துச்சு. விரட்ட விரட்டப் போகல.”

“அதைத்தான் நான் நம்பவே இல்ல,” என்றாள். அதில் சிரிப்பு துளியும் இல்லை.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். கூடத்தில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டீர்களே என்பாள், அழுவாள், அப்புறம் ஆறுவாள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார். அவள் சொன்னது வேறு.

“உங்கமேல எத்தனை நாள் எரிச்சலா இருந்திருக்கு தெரியுமா? இங்க பிள்ளைக்குக் காய்ச்சல், குழாயில தண்ணி இல்ல, அப்பல்லாம் துவைக்கிற வேலை, கையெல்லாம் சலவைச் சோடாவுல வெந்து போயிருக்கும். அங்க நீங்க படகுல பாட்டு கேட்டுட்டு இருக்கீங்க. போன்ல சிரிச்சுட்டு, வெச்சப்புறம் சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பேன். மனுஷன் நல்லா இருக்கான், நாமதான் இப்படிக் கிடக்கோம்னு. மழையில நிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் ஒண்ணா அழுதிருப்போம்ல?”

அவளைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்று இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த மனுஷன். போனை வைத்த பிறகு அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. தட்டு வைக்கிற சத்தம்தான் பதில். அவர் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினார், அது ஒழுக ஆரம்பித்தது. வரைபடம் மேஜையிலேயே கிடந்தது. மடிக்கவும் பயம், அப்படியே விடவும் பயம்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“கூடத்துல சொல்லிட்டேன்.”

“என்னன்னு?” அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“கடையை மூடிட்டாங்களாம்னு. அந்தம்மாவுக்கு வயசாயிருச்சு, மக வீட்டோட போயிட்டாங்களாம்னு. ரெண்டு பேருக்குக் கண்ணு கலங்கிருச்சு.”

அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“என்ன பாக்கறீங்க? நீங்க ஆரம்பிச்சதை நான்தானே முடிக்கணும்? ஆனா எங்கிட்ட இனிமே நெசம் மட்டும்தான். அது எவ்வளவு மோசமா இருந்தாலும் சரி.”

அவள் அழிரப்பரை எடுத்து, அவர் கதைகளை வைத்து வரைபடத்தில் தானே போட்டிருந்த வட்டங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். அவருக்கு மனசு இளகிப்போனது. “வேணும்னா அந்த லாரி மைதானத்தைக் காட்டறேன். நான் நின்னு போன் பண்ண இடம் இன்னும் இருக்கும்,” என்றார்.

“லாரி பாக்கவா நான் லீவு போட்டேன்? யார்டுக்கு வந்தா தெனமும் பாக்கலாமே.”

ஒளித்துவைத்திருந்த வழிகாட்டிப் புத்தகத்தை அவர் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். எது என்ன என்று அவள் கேட்க, அவர் “தெரியாது” என்றார். ஏழெட்டு முறை சொன்ன பிறகு அந்த வார்த்தை அவருக்குப் பழகிவிட்டது. வியன்னாவில் தேவாலயமும் பெரிய ராட்டினமும் என்று முடிவானது. அங்கிருந்து புடாபெஸ்ட்டுக்கு ரயில். ஜன்னலோரம் அவளுக்கு. புத்தகத்தில் புடாபெஸ்ட் பக்கத்தைப் புரட்டியதும் சண்டை பிடித்துக்கொண்டது.

“திறந்தவெளியில வெந்நீர்க் குளமாம். இதுக்கு ஒரு மத்தியானம் முழுக்க வெச்சுக்கலாம்.”

“நாலு பேரு பாக்கவா? அரை டவுசர் போட்டுக்கிட்டு? நான் வரல.”

“டாக்டரே உங்க முதுகுக்கு வெந்நீர்தானே சொன்னாரு.”

“வீட்டு பாத்ரூம்லன்னு சொன்னாரு.”

நாலு நாள் இழுத்தது அந்த வழக்கு. கிளம்புவதற்கு முந்தின வாரம், மடித்த துணிகளுக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீச்சல் கால்சட்டை இருந்தது. இதைவிட அடக்கமான நிறம் கடையில் இல்லையா என்று மட்டும் கேட்டார்.

போனார்கள். எந்தக் கிடங்கின் வாசலையும் இருட்டிலேயே கண்டுபிடிக்கிறவர், வியன்னாவில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிர்ப்பக்கம் போகிற டிராமில் ஏறினார். மறுநாளும் ஏறினார். அதற்கப்புறம் வரைபடம் அவள் கைக்குப் போய்விட்டது. ராட்டினத்தின் உச்சியில் நின்றபோது, அவள் ஊரைப் பார்த்தாள். அவர் தொலைவில் சுற்றுச்சாலை தெரிகிறதா என்று தேடினார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் புடாபெஸ்ட்டில் கழுத்தளவு வெந்நீரில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும், வந்ததும் வண்டியைத் திருப்பியே பழகியவர், நாலு நிமிஷத்தில் கைப்பிடியைப் பிடித்து எழுந்துவிட்டார்.

“போலாமா?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “இப்பத்தானே வந்தோம். உக்காருங்க.”

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்டார். அவள் மறுபடி அதையே சொன்னாள்.