தியானம் என்று பெயர் வாங்கிய தாமதம்

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ட்ராமில் போய்வரக்கூடிய ஒரு சின்ன ஊரின் ஓபரா அரங்கில் எனக்கு வேலை. பாடகர்களின் ஒத்திகைக்குப் பியானோ வாசிக்க வேண்டும். இசை நடத்துநராக ஆசைப்படுகிறவன் இங்கே முதலில் இப்படித்தான் தேய வேண்டும். தலைமை நடத்துநருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் இசைக்குழுவை நடத்தும் கோலைக் கையில் எடுக்கலாம். இன்னொரு மனிதரின் ஆரோக்கியத்தை நான் அவ்வளவு அக்கறையாகக் கவனித்ததே இல்லை.

என் ஒப்பந்தம் முடியப்போகும் நேரத்தில் கடவுள் கண் திறந்தார். தலைமை நடத்துநருக்குக் கடும் காய்ச்சல். “ஒத்திகைக்கு நேரமில்லை. நன்றாக நடத்தினால் நிரந்தர வேலை,” என்றார் அரங்கின் இயக்குநர். இல்லையென்றால் வேலையோடு விசாவும் போகும்.

ஜெர்மன் இசைக்குழுக்களுக்கு ஒரு பழக்கம். கோல் இறங்கியவுடன் வாசிக்க மாட்டார்கள். ஒரு மூச்சு கழித்துத்தான் ஒலி எழும். நடத்துகிறவன் அதைக் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அன்று ஒலி வரவில்லையே என்று வெலவெலத்துப்போய், வரட்டும் என்று காத்திருந்தேன். நான் தயங்குவதைப் பார்த்து அவர்களும் எனக்காகக் காத்திருந்தார்கள். இந்தப் பரஸ்பர மரியாதையில் ஓபரா மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தது. கடைசிக் காட்சியில் சாக வேண்டிய நாயகி செத்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

வாசலில் மனைவி காத்திருந்தாள். மென்பொருள் வேலை பார்ப்பவள். நேரம் தவறினால் பிடிக்காது.

“ஏம்ப்பா இவ்ளோ ஸ்லோ? லாஸ்ட் ட்ராம் போயிடுச்சு.”

டாக்ஸியில் அவள் முகத்தைப் பார்க்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு அவமானம்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது: “கிழக்கின் தியானம்! இந்த இந்தியர் காலத்தையே நிறுத்திவிட்டார்.” சென்னையில் பஸ் நிற்பதற்கு முன்பே தொற்றி ஏறிப் பழகியவன் நான். கண்ணை மூடி உட்கார்ந்தால் எனக்குத் தியானம் வராது, தூக்கம்தான் வரும்.

தலைமை நடத்துநருக்குக் காய்ச்சல் விடவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் சுதாரித்துக்கொண்டு, ஒலிக்காகக் காத்திராமல் நடத்தினேன். பாடகர்கள் பறந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“குறை ஒன்றுமில்லை. ஆனால் இப்படி நடத்த எங்கள் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுடைய அந்தப் பொறுமை எங்கே போயிற்று? இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.”

மூன்றாம் முறை கோலை இறக்கிவிட்டு வேண்டுமென்றே காத்திருந்தேன். என்மேலேயே ஆத்திரமாக வந்தது. குழுவினர் பெருந்தன்மையோடு என்னோடு சேர்ந்து காத்திருந்தார்கள். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. குழுவினர் கால்களால் தரையைத் தட்டினார்கள். இங்கே வாத்தியக்காரர்கள் பாராட்டுவது அப்படித்தான். இயக்குநர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். ட்ராம் போய்விட்டிருந்தது.

“வேலை கன்ஃபர்ம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு. இனிமே எப்பவும் இப்படியே நடத்தணுமாம்.”

அவள் காலியான தண்டவாளத்தைப் பார்த்தாள்.

“அப்போ ஒரு கார் வாங்கிடலாம்ப்பா.”