மூன்றாவது பிளக்

டம்ளர் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டவர் அவசரக்காரராக இருந்தால் தொலைந்தார். மனிதர் லேசில் சாவியைத் தர மாட்டார். வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, பானெட்டின் மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பார். குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் தளும்பினால் வண்டி மறுபடியும் பட்டறைக்குள் போகும். ஊரே இதைக் கேலி செய்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் டம்ளர் என்பதே நிலைத்துவிட்டது.

இப்பேர்ப்பட்டவரின் பட்டறையில் ஒரு பழைய கார் இரண்டு மாதமாகச் சரியாகாமல் நின்றது என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் சொந்தத் தம்பியின் கார்.

தம்பி போன வருடம் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். படுத்தான், போய்விட்டான், பாவி. பழைய இரும்புக்கு எடை போட இருந்த காரை வாங்கி, பார்த்துப் பார்த்து உயிர் கொடுத்தவன், தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் போனான். பட்டறைக்கு மேலே இரண்டு அறை. அதில் தம்பியின் மனைவியும் மகளும் இருந்தார்கள். கீழே பின்கட்டில் டம்ளர். அவருக்குக் கல்யாணம் காட்சி எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் ஆனால் படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்கும். குட்டி இறங்கி வந்து, பழைய டயரில் உட்கார்ந்து, "பெரியப்பா, மூக்குல கரி" என்று தன் சட்டை நுனியால் துடைத்துவிடும். அவருக்கு அன்றைய நாள் அப்போதுதான் தொடங்கும்.

தம்பியின் மனைவிக்கு அவள் அம்மா இருக்கும் ஊரில், மலைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. "அவரு வண்டியிலதான் போவேன் மாமா. நீங்க சரி பண்ணிக் குடுங்க" என்றாள். கார் ஓட்டத்தில் பரவாயில்லை. நிற்க வைத்து என்ஜினை மட்டும் ஓடவிட்டால்தான் குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது.

அவருக்கு அது ஒரு வேலையா? அன்றே என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் நான்கு பிளக்கையும் கழற்றினார். நான்கும் கரி பிடித்து, முனை தேய்ந்து கிடந்தன. புது பிளக்குகளைப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, டம்ளரை வைத்தார். தண்ணீர் கண்ணாடியாக நின்றது. அந்த நேரம் பார்த்து மேலே பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அலமாரி காலியாகும் சத்தம். குட்டி எதற்கோ சிரித்தாள்.

அவர் என்ஜினை நிறுத்தினார். மூன்றாவது பிளக்கைக் கழற்றி, ஸ்பானர் முனையால் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். முனைக்கும் நடுக்கம்பிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி நசுங்கியது. அப்படியே மறுபடி மாட்டினார். கார் முன்போலவே உதறியது.

அதற்கப்புறம் ஒரே சப்பைக்கட்டுதான். கார்புரேட்டர் என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் என்றார். ஏதோ ரப்பர் குழாய் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார். வேலைக்குச் சேரும் நாளை ஒருமுறை தள்ளிப்போடச் சொல்லி அவள் கெஞ்சிக் கேட்டு வாங்கினாள். இனி தள்ள முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டும் டம்ளர், "பொறும்மா, பாக்கலாம்" என்று மென்று விழுங்கினார். நாற்பது வருடத்தில் யாரிடமும் செய்யாத திருட்டை அந்தப் பெண்ணிடம் செய்துகொண்டிருந்தார். ஆனாலும் சாயங்காலம் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதே, அது போதும் என்றிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆணி வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். காரின் பானெட் திறந்திருந்தது. தம்பியின் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்ஜின் பக்கம் நின்றாள்.

ஓடும் என்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். நல்ல சிலிண்டர் என்றால் பிடுங்கியதும் என்ஜின் தடுமாறும். எதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ, கோளாறு அங்கே. இது அவளுக்கு எப்படித் தெரியும்? புதுசாகக் கல்யாணமானபோது சினிமாவுக்கு என்று கிளப்பிக் கூட்டிப்போய், நடுவழியில் பானெட்டைத் திறந்து சொல்லிக்கொடுத்தவன் அவள் புருஷன். அன்றைக்குப் படமும் போச்சு, புடவையும் போச்சு.

அவள் உள்ளங்கையில் மூன்றாவது பிளக் இருந்தது. இன்னொரு கையில் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு. தம்பி காருக்குள்ளேயே வைத்திருந்தது.

"தகடு உள்ளயே போகல மாமா."

அவள் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள்.

"புது பிளக் தானா நசுங்குமா? மேல ஒரு தட்டுத் தட்டின தழும்பு இருக்கு."

ஆணிப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் கையிலேயே வைத்திருந்தார். அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

"எங்கள நிறுத்தி வைக்கணும்னு இருந்தா, வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நின்னிருப்பியா?"

பொய் சொல்லத் தெரியாத பெண். "மாட்டேன்" என்றாள்.

"அதான் கேக்கல."

அவள் பிளக்கை அவர் கையில் வைத்தாள். "பொறுத்துப் பாத்துட்டு இதே வண்டிய எடுத்துக்கிட்டு நான் கிளம்பியிருந்தா? மலை ரோட்டு இறக்கத்துல எஞ்சின் நின்னு போயிருந்தா? பின்னாடி சீட்டுல உங்க குட்டி இருப்பாளே மாமா."

இதுவரை இது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. அவர்களை இங்கேயே வைத்திருக்கும் நினைப்பில், அவர்கள் கிளம்பிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நாளும் தம்பிக்காக வராத அழுகை அப்போது வந்தது. அவள் தள்ளி நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஆணிப் பொட்டலத்தைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

நசுங்கின பிளக்கை அவர் சரிசெய்யவில்லை, தூர எறிந்தார். புதிதாக ஒன்று எடுத்து, தகட்டை விட்டு இடைவெளி பார்த்து, கையாலேயே திருகி, கடைசியில் ஸ்பானர் போட்டு அளவாக இறுக்கினார். பிரேக், டயர், தண்ணீர், ஆயில் எல்லாவற்றையும் அலசிப் பார்த்தார். மறுநாள் காலை பெட்டிகள் ஏறின. என்ஜினை ஓடவிட்டு டம்ளரை பானெட்டின் மேல் வைத்தார். தண்ணீர் அசையவில்லை.

"தாகமா இருக்கு பெரியப்பா" என்று குட்டி எக்கி அதை எடுத்தாள். பாதி குடித்துவிட்டு மீதியை அவர் கையில் கொடுத்தாள்.

கார் கிளம்பியது. தம்பியின் காலத்தில் அந்தக் கார் தெருமுனை திரும்புவது பட்டறைக்குள் இருந்தே கேட்கும். அன்று வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். எப்போது தெருமுனை திரும்பினார்கள் என்றே தெரியவில்லை.

பார்த்து முடித்த தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றுவது அவர் வழக்கம். அன்றைக்கு ஊற்றவில்லை. குட்டி மீதி வைத்ததை டம்ளரோடு அப்படியே மாடத்தில் வைத்தார். மதியம் சரிசெய்த வண்டியை எடுக்க ஒருவர் வந்து, "என்ன டம்ளர், சோதனை போடலயா?" என்று கேட்டார். "வேற டம்ளர் கொண்டாங்க" என்றார் அவர்.