டவுனுக்கு வந்த கடிகாரம்

என் ஆய்வகச் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம் மாட்டியிருக்கிறது. வெள்ளை முகம் பழுப்பேறிவிட்டது. விளிம்பில் ஓரிடம் உடைந்திருக்கிறது. என்றோ உள்ளே புகுந்து செத்துப்போன சின்னப் பூச்சி ஒன்று ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே கிடக்கிறது. பேட்டரி தீர்ந்து முள் நின்றுபோனால் நாற்காலி போட்டு ஏறி நானே மாற்றுகிறேன். செல்போனைப் பார்த்து நேரத்தைச் சரியாக வைக்கிறேன். இறங்கும்போது ஒவ்வொரு முறையும் எங்கள் பழைய துணை முதல்வர் மேடத்தின் நினைவு வருகிறது. அவர் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில், கடைசிச் சில மாதங்கள் தவிர, இந்தக் கடிகாரம் ஒருநாளும் சரியான நேரம் காட்டியதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கல்லூரி கொள்ளிடத்துக்கு அப்பால், லால்குடி சாலையில் இருந்தது. விடுதி கிடையாது, எல்லோரும் தினம் வந்து போகிறவர்கள்தான். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போவேன். மேடம் புத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, காவிரி, கொள்ளிடம் என இரண்டு ஆறுகளையும் தாண்டி வருவார். லால்குடி பக்கத்துக் கிராமங்களின் பிள்ளைகள் காலை பாசஞ்சரில் வந்து, கல்லூரிக்கு எதிரே இருந்த சின்ன ஸ்டேஷனில் இறங்கிச் சாலையைக் கடப்பார்கள். அந்த ரயில் முதல் மணிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ரயிலை மாற்ற முடியாது என்பதால் மேடம் கடிகாரத்தை மாற்றிவிட்டார். போர்டிகோவில் மாட்டியிருந்த இதைச் சில நிமிடங்கள் பின்னால் தள்ளி வைத்திருந்தார். மணி அடிப்பவர் இதைப் பார்த்துத்தான் அடிப்பார். புதிதாக வருகிற விருந்தினர்கள் தங்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள்.

இயற்பியல் சார் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “கொள்ளிடம் தாண்டினா நமக்குத் தனி நாடு மேடம். பாஸ்போர்ட் ஒண்ணுதான் பாக்கி.”

“பண்ணுங்க சார், நல்லா கிண்டல் பண்ணுங்க. அந்த ரயில் பிள்ளைங்க வரலைன்னா நீங்க பெஞ்சுக்குத்தான் பாடம் நடத்தணும்” என்பார் மேடம், நிமிராமல்.

மாலையிலும் அதே பிந்திய மணிதான். அதனால் யாருக்கும் குறையில்லை. திருச்சியிலிருந்து திரும்பும் ரயில் டவுன் ஸ்டேஷன், ஸ்ரீரங்கம் எல்லாம் தாண்டித்தான் எங்களிடம் வரவேண்டும். சிக்னல் விழுந்த பிறகு பையை மூடினாலும் பிடித்துவிடலாம்.

பிறகு சேர்க்கை குறைந்தது. ஊருக்கு நடுவில் இருந்தால் கூடும் என்று நிர்வாகம் முடிவெடுத்து, காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடத்தை வாங்கியது. ஆய்வகங்களை இடம் மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. கணினித் துறைக்காரி, பட்டியல் போடத் தெரியும் என்பதுதான் காரணம். எடுத்துப்போக வேண்டியவை, கழிக்க வேண்டியவை, என்னவென்று யாருக்கும் தெரியாதவை என்று மூன்றாகப் பிரித்து எல்லாவற்றின் மேலும் எண் ஒட்டினேன். அந்தக் கோடை முழுவதும் கையில் பசையும் தூசியுமாகவே திரிந்தேன். ஒருநாள் மேடம் போர்டிகோவில் நின்று கடிகாரத்தின் மேலிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எதுலம்மா சேர்த்திருக்கே?”

“கழிவுல மேடம். அங்க எல்லா ரூமுக்கும் புதுசு வருது.”

“புதுசுக்கு நம்ம பிள்ளைங்களத் தெரியாதேம்மா.”

அவரே அதைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார். இடம் மாறியதில் எங்களில் அதிக நன்மை அவருக்குத்தான். புத்தூரிலிருந்து ஒரே பஸ் போதும். ஆனால் அன்று ஆட்டோவில் அவரைப் பார்த்தபோது, இரண்டு ஆறு தாண்டி வந்த நாட்களைவிடக் களைத்துத் தெரிந்தார்.

புதுக் கட்டடத்தின் நுழைவாயிலில் அதே பிந்திய நேரத்தோடு கடிகாரம் ஏறியது. முதல் நாள் காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. லால்குடிப் பிள்ளைகள் டவுன் ஸ்டேஷனில் இறங்கி, மூச்சு வாங்க ஓடிவந்து, எப்படியோ மணிக்குள் நுழைந்தார்கள். மாலையை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பழைய இடத்துக்கு இந்த ரயில் மற்ற ஸ்டேஷன்களையெல்லாம் தாண்டிப் பிந்தித்தான் வந்தது. டவுனிலிருந்தோ அது முன்னதாகவே கிளம்பிவிடுகிறது. நாங்கள் பழைய பழக்கத்தில் பிந்தி மணி அடித்தோம். வெளியே காய்கறி லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. பிள்ளைகள் ஸ்டேஷனை அடைந்தபோது வெறும் தண்டவாளம்தான் இருந்தது. நெரிசலான பஸ்களில் தொற்றிக்கொண்டு, நன்றாக இருட்டிய பிறகு வீடு சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அப்பா வந்தார். லால்குடிக்குப் பக்கத்தில் நெல் விவசாயம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மகள் பின்னால் தலை குனிந்து நின்றாள். என் வகுப்பில் நன்றாக நிரல் எழுதுகிற பெண். அவள் சார்பில் பேசத்தான் என்னையும் மேடம் கூப்பிட்டிருந்தார்.

“டி.சி. குடுத்துருங்க டீச்சரம்மா. வெளக்கு வைக்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும், அந்தப் பேச்சுலதான் படிக்க அனுப்பினேன். நேத்து ராத்திரி இவ அம்மா ரோட்டுல நின்னு அழுதுட்டிருந்தா.”

“நேத்து நடந்தது கடிகாரத்தால வந்த தப்புங்க” என்றார் மேடம்.

“கடிகாரம் என்னங்க தப்பு பண்ணும்? வெச்சவங்கதானே பண்ணியிருப்பாங்க.”

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். யாரிடமும் இறங்கிப் பேசிப் பழகாதவர்.

“ஆமாங்க. வெச்சது நான்தான். காலையில இவங்க லேட் ஆகக்கூடாதுன்னு வெச்சேன். சாயங்காலத்த மறந்துட்டேன்.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலும். துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். மேடம் எழுந்து வாசலுக்குப் போனார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். ஸ்டூலில் ஏறி, அந்த அப்பாவின் கண்ணெதிரிலேயே முள்ளைத் தள்ளிச் சரியாக வைத்தார். “இனி இவ ரயிலத் தவறவிட்டா நானே கூட்டிட்டு வந்து வீட்டுல விடறேன்” என்றார்.

“படிப்ப முடிச்சுட்டு வா பாப்பா” என்று மகளிடம் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாலை சரியானது; காலை போயிற்று. தெருவோரக் கட்டடம் என்பதால் மணி அடித்ததும் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிடுவார்கள். முதல் வகுப்பு முடிந்த பிறகே திறப்பார்கள். லால்குடிப் பிள்ளைகள் பழ வண்டிகளுக்கு நடுவே கூட்டமாக நின்றார்கள். காலை மணியை மட்டும் பிந்தி அடிக்கலாமா, இல்லை கதவையாவது திறந்து வைக்கலாமா என்று மேடம் தாளாளரிடம் போய்க் கேட்டார். “இது டவுனுங்க மேடம். அந்தப் பழக்கத்தையெல்லாம் கொள்ளிடத்துக்கு அந்தாண்டயே விட்டுடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மேடம் திரும்பி வந்து ஆசிரியர் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். “நாமதாம்மா டவுனுக்கு வந்திருக்கோம். ரயில் இன்னும் லால்குடிலேருந்துதானே வருது” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வருகைப் பதிவு போதவில்லை. அந்தப் பருவத் தேர்வை எழுத விடவில்லை. அவள் அப்பா மறுபடி வருவார், டி.சி. கேட்பார் என்று மேடம் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வரவில்லை. அவள் அடுத்த ஆண்டு, தனக்குப் பின்னால் படித்தவர்களோடு உட்கார்ந்து எழுதித் தேறினாள். மேடம் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். மேடம் கேட்டுக் கேட்டு, அவர் ஓய்வு பெறுகிற மாதத்தில்தான் கதவைச் சாத்துவதை நிறுத்தினார்கள். பிரிவு உபசாரத்தில் புதிய கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். வாசலிலிருந்து கழற்றிய பழையதை நான் ஆய்வகத்துக்கு எடுத்து வந்தேன்.

இப்போது கதவு திறந்திருக்கிறது. ஆனால் மணி அடித்ததும் வருகைப் பதிவு எடுத்துவிட வேண்டும் என்பது விதி. சேர்க்கை பெரிதாகக் கூடவில்லை. காவிரிப் பாலத்து நெரிசலில் நானே சில நாள் ஓடி வருகிறேன். ஆய்வகத்தில் நடக்கும் முதல் வகுப்பில் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி நினைவூட்டுவாள்: “மேடம், இன்னும் அட்டெண்டன்ஸ் எடுக்கல.”

“எடுக்கலாம் இரு” என்கிறேன்.

தலைக்கு மேலே கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பாடத்தைத் தொடங்குகிறேன். பாதியில் கதவருகே செருப்புச் சத்தம் கேட்கிறது. லால்குடிப் பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். எல்லோரும் உட்கார்ந்து, பாடமும் முடிந்த பிறகுதான் பெயர்களைக் கூப்பிடுகிறேன்.