அர்ச்சுனன் மகள்

எங்கள் காலனியில் அர்ச்சுனன் என்று ஒருவரைத் தேடி வந்தால் கிடைக்க மாட்டார். ரேஷன் கார்டில் இருக்கிறார், வாக்காளர் பட்டியலில் இருக்கிறார், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் இருக்கிறார். நேரில் இருப்பவர் அந்தோணிதாஸ். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் கூலி. எங்கள் சின்ன மாதா கோயிலுக்கு அவர்தான் உபதேசியார். பங்குச் சாமியார் மாதம் ஒரு தடவைதான் பூசை வைக்க வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் சொல்வதும், சாவு வீட்டில் ஜெபமாலை சொல்வதும் அந்தோணிதாஸ்தான்.

இரண்டு பெயர் வைத்துக்கொள்வது எங்களுக்குப் புதிதில்லை. எனக்கும் உண்டு. சர்க்கார் கணக்குப்படி, ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டதும் தலித்தின் சாதி கரைந்துவிடுகிறது. சலுகையும் அதோடு சேர்ந்து கரைந்துவிடும். கரையாமல் இருக்க வேண்டுமானால் காகிதத்தில் இந்துவாக இருக்க வேண்டும். அதனால் பள்ளியில் சேர்க்கும்போதே வாத்தியார் ஒரு பேரை எழுதிவிடுவார். அந்தோணிதாஸின் மகள் ஜான்சி அப்படித்தான் கீதாஞ்சலி ஆனாள். தகப்பனார் பெயர் அர்ச்சுனன், இந்து ஆதிதிராவிடர். ஊருக்குள் இருக்கும் பெரிய மாதா கோயிலின் தேர் வருஷா வருஷம் எங்கள் காலனி முனை வரை வந்து திரும்பிப் போய்விடும். சர்க்கார் கண்ணுக்குப் படாத எங்கள் சாதி, தேர் இழுக்கிறவர்கள் கண்ணுக்கு மட்டும் நன்றாகவே தெரிந்தது.

ஜான்சியின் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வராத வாரம் கிடையாது. அவளுடைய அண்ணன் அசோகனுக்கு ஆரோவில்லில் கொத்தனார் வேலை. இடையஞ்சாவடியில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவான். கோயிலுக்குப் போவதை எப்போதோ விட்டுவிட்டான். ஞானஸ்நானப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்குக் காது கேட்காது. 2004இல் பார்லிமெண்ட் தேர்தல் முடிந்த கையோடு மதமாற்றத் தடைச் சட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். பெரிய கோயிலில் நன்றிப் பூசை நடந்தது. அந்தோணிதாஸ் அதற்குப் போய்விட்டு முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்து சொன்னபோது, அசோகன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அதுல நமக்கு இன்னாப்பா இருக்குது? நம்ம சர்டிபிகேட்டுல நாம மதமே மாறலையே.”

ஜான்சி களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தோணிதாஸுக்கு முகம் சுண்டிப்போனது.

“அது வாத்தியாரு எழுதுனது. நான் வாயத் தொறந்து சொன்னதில்ல.”

“சொல்லலன்னா இன்னா? இவ ஹாஸ்டல்ல தின்ன சோறு யாருக்குப் போட்ட சோறு? ஜான்சிக்கா, கீதாஞ்சலிக்கா?”

“அதுக்குத்தான்டா தெனம் முட்டி போட்டு மன்னிப்பு கேக்குறேன்.”

“தேர் நம்ம தெருவுக்குள்ள வரட்டும்பா. அன்னிக்கி நானும் உங்கூட முட்டி போடுறேன்.”

அம்மா சூசைமேரி குழம்புச் சட்டியை இருவருக்கும் நடுவில் கொண்டுவந்து வைப்பாள். அன்றைய விவாதம் அதோடு முடியும்.

ஜான்சிதான் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தாள். அண்ணன் சொல்வதில் அவளால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா சொல்வதிலும் முடியவில்லை. பன்னிரண்டாவது முடித்து, தபாலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பாள். பாட்டு எடுத்தால் கோயிலுக்கு வெளியே போகிறவர்களும் நின்று கேட்பார்கள். யேசுவை அவள் நிஜமாகவே நம்பினாள். நம்பிக்கை போய்விட்ட அசோகனுக்குக் காகிதம் வெறும் காகிதம். அவளுக்கு அது அப்படி இல்லை. வேலைக்கு விண்ணப்பம் போடும்போதெல்லாம் ‘இந்து’ என்று எழுதிவிட்டு, பேனாவை மூடியதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். இது அவளே என் மனைவியிடம் சொன்னது. சொல்லும்போது சிரித்தாளாம், ஆனால் கூச்சம் தாங்கவில்லையாம்.

2006இல் ஆட்சி மாறியது. அடுத்த சில மாதங்களில் உள்ளாட்சித் தேர்தலும் வந்தது. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைத் தலித் பெண்ணுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். அதுவரை தலைவர் யார் என்பது உப்பளக் குத்தகைதாரர் வீட்டு முற்றத்தில் முடிவாகும். இந்தத் தடவையும் அங்கேதான் முடிவு செய்தார்கள். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சுலோசனாவை நிறுத்தினார்கள். சுலோசனா நல்ல பெண். பக்கத்துக் காலனிக்காரி. நிற்கச் சொன்னார்கள், நின்றாள். ஜெயித்தால் கையெழுத்தை அவள் போடுவாள், மற்றதெல்லாம் குத்தகைதாரர் பார்த்துக்கொள்வார்.

எங்கள் காலனி முழுக்க ஜான்சியின் வீட்டு வாசலில் வந்து நின்றது. படித்தவள், பேசத் தெரிந்தவள், யாருக்கும் பயப்படாதவள். அவளுக்கும் உள்ளூர ஆசை இருந்தது. அதில் என்ன தப்பு? உப்பளத்துக்காரன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற பரம்பரையில் ஒருத்தி நாற்காலியில் உட்கார வேண்டாமா? வேட்புமனுவில் அவளை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்தோணிதாஸ் மட்டும் ஒன்று சொன்னார்.

“நில்லும்மா. நான் வேணாங்கல. ஆனா அங்க எவனாவது எங்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால அந்தப் பக்கமே நான் வரல.”

“நீ வராம இருந்தாலே போதும்பா,” என்றான் அசோகன்.

மனுப் பரிசீலனை ஒன்றிய அலுவலகத்தில் நடந்தது. ஜான்சி குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். அசோகன்தான் வைக்கச் சொன்னான். பஸ்ஸில் வரும் வழியில் இரண்டு தடவை கையை நெற்றிக்குக் கொண்டுபோய்த் தொடாமல் இறக்கினாள். கீதாஞ்சலி என்று பேரைக் கூப்பிட்டதும் நானும் அசோகனும் அவளோடு உள்ளே போனோம். குத்தகைதாரரின் மேஸ்திரி சுப்ராயன் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தான்.

“ஆட்சேபணை இருக்குதுங்க சார். இந்தப் பொண்ணு கிறிஸ்டியன். கோயில்ல புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துது.”

தேர்தல் அதிகாரிக்கு அன்று மட்டும் ஏகப்பட்ட மனுக்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சர்ச்சுக்குப் போவீங்களாம்மா?”

“வேளாங்கண்ணிக்கு எல்லாருந்தான் போறாங்க சார்,” என்றாள் ஜான்சி. பதில் டக்கென்று வந்தது. அசோகன் என் கையை லேசாக அழுத்தினான். அதிகாரியும் சிரித்துவிட்டார்.

சுப்ராயன் சிரிக்கவில்லை. “அப்ப அவங்க அப்பாவையே கேட்டுருங்க சார். பொய் பேசாத மனுசன். வந்திருக்குறாரு,” என்று கதவைத் திறந்தான்.

அந்தோணிதாஸ் நின்றுகொண்டிருந்தார். உப்புப் பாத்தியிலிருந்து அப்படியே வந்தவர். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. பொத்தான் போடாத சட்டைக்குள் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு தொங்கியது. சுப்ராயனுடைய ஆள் பைக்கில் போய், “உம் பொண்ணு ஒன்ன உடனே கூட்டியாரச் சொல்லிச்சு,” என்று சொல்லியிருக்கிறான். இது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். மகள் கூப்பிட்டாள் என்றதும் கையிலிருந்த உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு, கால் கூடக் கழுவாமல் வண்டியில் ஏறியிருக்கிறார்.

“இன்னாம்மா, கூப்ட்டியாமே?” என்று ஜான்சியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

அதிகாரி அவரைப் பார்த்தார். உத்தரியத்தையும் பார்த்தார். “உங்க பேரு என்னங்க?”

“அந்தோணிதாஸ்ங்க.”

“இந்தப் பொண்ணு உங்க மகளா?”

அந்தோணிதாஸ் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்ல விடவில்லை. ஜான்சி முந்திக்கொண்டாள்.

“இவரு எங்கப்பா இல்லீங்க சார். எங்கப்பா பேரு அர்ச்சுனன். இவரு எங்க தெருக்காரரு.”

அசோகன் தரையைப் பார்த்தான். அந்த அறையில் வாயில்லாமல் நின்ற இன்னொருவன் நான். இப்போது எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. அந்தோணிதாஸ் மகளைப் பார்த்தார், பிறகு அதிகாரியைப் பார்த்துத் தலையாட்டினார்.

“ஆமாங்க. தெருவுலதாங்க இருக்கோம்.”

அதிலும் அவர் பொய் சொல்லவில்லை.

சுப்ராயன் குதித்தான். அதிகாரி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். “ஏம்பா, எதுக்கு இதெல்லாம்? சாதிச் சான்றிதழ் தாசில்தார் குடுத்திருக்காரு. அதை நான் கேள்வி கேக்க முடியாது. ரத்து பண்ணாத வரைக்கும் அது செல்லும். அப்பா யாரு, அம்மா யாருன்னு நான் சும்மாத்தான் கேட்டேன். மனு ஏத்துக்கிட்டாச்சு, போங்க.”

அதைக் கேட்டதும் ஜான்சியின் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மனு நிற்கத்தான் போகிறது. சும்மா கேட்ட கேள்விக்கு அவள் அப்பாவையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். வெளியே ஓடி வந்து பார்த்தோம். அந்தோணிதாஸ் அதற்குள் ரோட்டைக் கடந்து பஸ் ஏறிவிட்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் அவர் எதிரில் உட்கார்ந்து அவள் அழுதாள். சூசைமேரி அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை.

“நீ பொய் சொல்லக் கூடாதுன்னுதாம்பா நான் முந்திக்கினேன்.”

“தெரியும்மா,” என்றார் அந்தோணிதாஸ். தட்டில் இருந்ததை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு சொன்னார்: “சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். சுப்ராயன் கோர்ட்டுக்குப் போனாலும் போவான். இனிமே வெளியில நாம ஜாக்கிரதையா இருக்கணும்.”

திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை, அவளுடைய பொய்க்குக் காவல் இருக்கத் தொடங்கினார். பிரசாரத்துக்கு அவள் ஒரு தெருவில் போனால் அவர் அடுத்த தெருவில் நடப்பார். டீக்கடையில் யாராவது “உன் பொண்ணு ஜெயிச்சிடும்” என்றால், குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஜான்சி ஜெயித்தாள். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தாள். காலனியே வெடி வெடித்தது. மாலை போட்டு ஊர்வலம் வந்தபோது அந்தோணிதாஸ் உப்பளத்துக் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பதவியேற்பில் ஆண்டவன் பேரால் என்றும் சொல்லலாம், உளமார என்றும் சொல்லலாம் என்றார்கள். ஜான்சி உளமார என்று சொன்னாள். ஆண்டவன் பேரை எடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

எங்கள் கோயிலுக்கு அவள் வருவதும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய், முகம் தெரியாத கூட்டத்தில் பூசை கேட்டுவிட்டு வருவாள். இறங்கும் முன் பஸ்ஸிலேயே பொட்டை அழிப்பாள், திரும்பும்போது வைத்துக்கொள்வாள். ஒரு நாள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று, அவள் முறை வரும் நேரத்தில் விலகி வந்துவிட்டாளாம். “பொய் சொன்னேன்னு சொல்லிடலாம் அக்கா. அது எல்லாரும் சொல்றதுதான். எங்கப்பாவ அப்பா இல்லன்னேன்னு எப்பிடிச் சொல்றது?” என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறாள்.

டிசம்பரில் அவளுடைய தலைமையில் முதல் ஊர்க்கூட்டம் நடந்தது. மழைக்காலம், உப்பளமெல்லாம் வெள்ளம், யாருக்கும் வேலை இல்லை. பள்ளிக்கூடத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. நாற்காலியில் ஜான்சி, பக்கத்தில் எழுத்தர். ஒவ்வொருவராக எழுந்து கேட்டார்கள். அவள் பொறுமையாகக் கேட்டு, தெளிவாகப் பதில் சொன்னாள். எங்களுக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசி வரிசையில் அந்தோணிதாஸ் எழுந்தார். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பேரு?” என்றார் எழுத்தர்.

“அந்தோணிதாஸ்ங்க. தலைவர் அம்மாவுக்கு வணக்கம்ங்க. எங்க தெரு கைப்பம்புல உப்புத்தண்ணிதாங்க வருது. மேட்டுத் தெரு டேங்குலேந்து ஒரு பைப்பு இழுத்துவுட்டீங்கன்னா பொம்பளைங்களுக்குப் புண்ணியமாப் போவுங்க.”

பிறந்த நாளிலிருந்து ‘வாம்மா, போம்மா’ என்று பேசிய மனிதர், மகளுக்கு ‘ங்க’ போட்டுப் பேசினார். ஒரு சொல் தடுமாறவில்லை. வீட்டில் பழகிப் பார்த்துவிட்டு வந்திருப்பார் போலும். ஜான்சி நிமிர்ந்து பார்த்தாள். சுப்ராயன் கூடத்திலேயே இல்லை. பீடி பிடிக்க வெளியே போயிருந்தான். சரி, பார்க்கலாம் என்று பொதுவாகச் சொல்லியிருந்தாலும் போதும்.

“சரிங்க பெரியவரே, அடுத்த கூட்டத்துல தீர்மானம் போட்டுறலாம். உக்காருங்க,” என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. ஒன்றிய அலுவலகத்தில் ஒரு அதிகாரி கேட்டார், பயத்தில் சொன்னாள். இங்கே அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவரே என்பது தானாகவே வாயில் வந்துவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுத்தர் அடுத்த பேரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தோணிதாஸ் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். “ரொம்ப நன்றிங்கம்மா,” என்றார். உட்காரும்போது, மகள் தடுமாறாமல் பேசிவிட்டாள் என்ற நிம்மதியில் அவளைப் பார்த்துச் சிரித்தார்.